ஒரு தூண்டில், ஒரு மீன்

(புனே நகரின் விஷ்ராந்த்வாடி பகுதியில் வாழும் தமிழ் மக்களுக்கான பேச்சு)



விஷ்ராந்த்வாடியில் கடல் இல்லை. ஆளந்தி சாலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஞானேஸ்வரர் பல்லக்கு இந்த வழியாகத்தான் புனேக்குள் போகிறது. சற்றுத் தள்ளி முளா ஆறு ஓடுகிறது. கடலைப் பார்க்க வேண்டுமா? சஹ்யாத்ரி மலையை இறங்கிக் கொங்கணக் கரைக்குப் போக வேண்டும்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பல வீடுகளில் மீன் குழம்பு கொதிக்கிறது. அந்த மீன் ஐஸ் பெட்டியில் படுத்து லாரியில் வருகிறது. கணேஷ் பேட்டை மீன் சந்தையில் இறங்குகிறது. அங்கிருந்து தெருவுக்குத் தெரு வருகிறது. ஊரில் வஞ்சிரம் என்று கேட்டவர்கள் இங்கே சுர்மை என்று கேட்கிறார்கள். கானாங்கெளுத்திக்கு இங்கே பாங்டா என்று பெயர். வவ்வால் மீனுக்குப் பாப்லெட். சூரை மீனுக்குக் குப்பா.

பெயர் மாறுகிறது. மீன் மாறுவதில்லை. விலை பேசத் தெரிகிறது. செவுளைத் தூக்கிப் பார்த்து நல்ல மீனா என்று சொல்லத் தெரிகிறது. ஆனால் அந்த மீனைப் பிடித்தவர் யார்? எந்தக் கடலில் பிடித்தார்? எப்படிப் பிடித்தார்? இதைக் கடைக்காரரும் சொல்வதில்லை. வாங்குபவரும் கேட்பதில்லை.

இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். சிறு படகில் ஏறிச் சூரை மீன் பிடிக்கிற தீவு மக்களின் கதை இது.

தென்னை சூழ்ந்த தீவுகள்

கேரளக் கரைக்கு மேற்கே, அரபிக் கடலில், லட்சத்தீவுகள் இருக்கின்றன. இந்தத் தீவுக்கூட்டத்தில் 36 தீவுகள் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அவற்றில் மக்கள் ஊர் அமைத்து வாழ்வது 10 தீவுகளில்தான். எல்லாத் தீவுகளின் நிலத்தையும் சேர்த்தால் 32 சதுர கிலோமீட்டர்தான் வரும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 64,473 பேர். புனே நகரத்தின் ஒரு மூலையில் வாழும் மக்களைவிட இது குறைவு.

இந்தத் தீவுகளின் தென்கோடியில் இருப்பது மினிக்காய். கொச்சியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரம். அதற்குத் தெற்கே மாலத்தீவு நாடு. மற்றத் தீவுகளில் மலையாளம் பேசுகிறார்கள். மினிக்காயில் மட்டும் மஹல் என்ற மொழி பேசுகிறார்கள். அது மாலத்தீவு மொழியோடு சேர்ந்தது.

அந்த மொழியில் ‘மாஸ்’ என்றால் மீன். தமிழர் சமையலில் ‘மாசி’ என்று ஒரு கருவாடு உண்டு. கொழும்பில் மாசி போட்டுச் சம்பல் அரைப்பார்கள். அந்த மாசியும் இந்த மாஸும் ஒன்றுதான். மினிக்காய் மாசி தூத்துக்குடிக்கும் வந்து விற்பனையானது. பார்த்தீர்களா? பெயரோடு பெயராகப் பொருளும் கடல் தாண்டி வந்துவிட்டது.

மினிக்காயில் ஆண்களில் பலர் கப்பல் வேலைக்குப் போவார்கள். மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். வீட்டையும் ஊர் வேலைகளையும் பெண்களே தாங்குகிறார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

காயல் என்னும் தொட்டி

இந்தத் தீவுகள் மலையால் ஆனவை அல்ல. பவளத்தால் ஆனவை. பவளம் கல் மாதிரி இருக்கும். ஆனால் அதைக் கட்டுவது ஓர் உயிர். பூச்சி போன்ற மிகச் சிறிய உயிர்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. அவை தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பால் கூடு கட்டுகின்றன. கூட்டின் மேல் கூடு. பல ஆயிரம் ஆண்டுகள் இப்படிக் கட்டிக் கட்டிப் பாறையாக வளர்கிறது. தூத்துக்குடிக் கரையில் இதைப் ‘பார்’ என்பார்கள்.

மினிக்காயில் இந்தப் பார் மதில் போலக் கடலைத் தடுத்து நிற்கிறது. வெளியே பெருங்கடல். அலை சீறுகிறது. உள்ளே நீர் அமைதியாக இருக்கிறது. அடியில் வெள்ளை மணல் தெரிகிறது. இந்த அமைதியான நீர்ப்பரப்பைக் காயல் என்று சொல்லலாம். ஊருக்கு இது ஒரு பெரிய தொட்டி போல. சிறு மீன்கள் இங்கேதான் கூட்டமாக வாழ்கின்றன.

அயிரையை விட்டு விராலைப் பிடிப்பது

விடியுமுன் படகு புறப்படுகிறது. முன்பு பாய் கட்டியும் துடுப்புப் போட்டும் போனார்கள். அந்தப் படகுக்கு ‘மாஸ் ஓடி’ என்று பெயர். மீன் படகு என்று பொருள். 1960-களில் இருந்து மோட்டார் படகுகள் வந்தன. ஒரு படகில் பத்துப் பேர் வரை போவார்கள்.

படகு நேரே பெருங்கடலுக்குப் போகாது. முதலில் காயலில் நிற்கும். ஏன்? இரை வேண்டும். ‘அயிரையை விட்டு விராலைப் பிடிப்பது’ என்று ஊரில் சொல்வார்கள் அல்லவா? இங்கே அதைச் சொல்லாகச் சொல்வதில்லை. செயலாகவே செய்கிறார்கள்.

நெத்திலி போன்ற சிறு மீன்கள்தான் இரை. வலையை நீருக்குள் இறக்கி விரிப்பார்கள். மீன் துணுக்குகளைத் தூவுவார்கள். சிறு மீன்கள் தின்ன வந்து கூடும். உடனே நான்கு பக்கமும் சேர்த்து வலையைத் தூக்குவார்கள். அந்த மீன்களைக் கொல்லக் கூடாது. கை படாமல் படகில் உள்ள தொட்டியில் விட வேண்டும்.

அந்தத் தொட்டியில் ஒரு வேடிக்கை உண்டு. படகின் அடியில் துளைகள் வைத்திருப்பார்கள். துளை வழியாகக் கடல் நீர் தொட்டிக்குள் வரும், போகும். படகு மூழ்குமே என்று பயப்பட வேண்டாம். தொட்டிக்குச் சுற்றிலும் சுவர் உண்டு. வெளியே உள்ள கடல் மட்டம் எவ்வளவோ, தொட்டியிலும் அவ்வளவுதான் நீர் நிற்கும். வேலை முடிந்ததும் துளைகளைக் கட்டையால் அடைத்துவிடுவார்கள். புது நீர் வந்துகொண்டே இருப்பதால் சிறு மீன்கள் உயிரோடு இருக்கும். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துக் கொண்டு வந்தவர்கள் அல்ல. பாட்டன் செய்தான், அப்பன் செய்தான், மகன் செய்கிறான்.

சூரை மழை

இரை ஏறியதும் படகு பாரின் இடைவெளி வழியே பெருங்கடலுக்குப் போகிறது. இனிச் சூரைக் கூட்டம் எங்கே என்று தேட வேண்டும்.

வானத்தைப் பார்ப்பார்கள். பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டுத் தண்ணீரில் பாய்கின்றனவா? அப்படியானால் அங்கே சிறு மீன்கள் மேலே வந்திருக்கின்றன. அவற்றைத் துரத்துவது சூரை. படகு அந்தப் பக்கம் திரும்பும்.

இப்போது ஒருவர் தொட்டியில் இருந்து சிறு மீன்களை அள்ளிக் கடலில் வீசுவார். இது மிக முக்கியமான வேலை. அதிகம் வீசினால் இரை தீர்ந்துவிடும். குறைத்து வீசினால் சூரை போய்விடும். அதே நேரம் படகின் பின்புறத்தில் இருந்து தண்ணீரை மழை போலத் தெளிப்பார்கள். முன்பு கையால் தெளித்தார்கள். பின்னர் மோட்டார் பம்பு வந்தது. தண்ணீர் விழுந்து சலசலக்கும்போது, சிறு மீன் கூட்டம் துள்ளுவது போலச் சூரைக்குத் தோன்றும். வெறி பிடித்த மாதிரி வந்து கடிக்கும்.

படகின் பின்புறத்தில் தட்டையான மேடை இருக்கிறது. அதில் மீனவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் நீண்ட மூங்கில் கழி. கழியின் நுனியில் கயிறு. கயிற்றின் நுனியில் பளபளக்கும் தூண்டில் முள். சாதாரணத் தூண்டில் முள்ளில், மாட்டிய மீன் நழுவாதபடி பின்னோக்கி ஒரு சிறு கூர் இருக்கும். இதில் அது இருக்காது. வழவழப்பான முள்.

சூரை கடித்ததும் கழியை ஓங்கித் தூக்குவார்கள். மீன் வானில் பறந்து தலைக்கு மேல் வந்து படகுக்குள் விழும். கயிறு தளர்ந்ததும் முள் தானாகக் கழன்றுவிடும். கையால் எடுக்க வேண்டியதில்லை. உடனே மறுபடியும் தூண்டில் கடலுக்குள். ஒரு கழி, ஒரு முள், ஒரு மீன். ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் அடுத்தது. படகுக்குள் சூரை மழை பெய்வது போல இருக்கும்.

கூட்டம் கலைந்ததும் எல்லாம் நின்றுவிடும். வேறு கூட்டம் தேடிப் போக வேண்டும். சில நாட்கள் படகு நிறையும். சில நாட்கள் இரையும் வீண், டீசலும் வீண். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கடல் கொந்தளிக்கும். அப்போது படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள்.

மரக்கட்டை போன்ற மீன்

பிடித்த மீன் எல்லாவற்றையும் அன்றே தின்ன முடியுமா? பழைய காலத்தில் ஐஸ் ஏது? அதற்குத்தான் மாசி.

சூரையை வெட்டிச் சுத்தம் செய்து துண்டாக்குவார்கள். உப்பு நீரில் வேக வைப்பார்கள். பிறகு புகையில் வாட்டுவார்கள். பிறகு பல நாள் வெயிலில் காயப் போடுவார்கள். துண்டு மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். ஐந்து கிலோ பச்சை மீன் சுமார் ஒரு கிலோ மாசியாகச் சுருங்கும். மாதக்கணக்கில் கெடாது. தட்டினால் கட்டை போல ஒலிக்கும். பெண்களின் உழைப்பு இதில் பெரும்பங்கு.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1343-ஆம் ஆண்டில் இபன் பதூதா என்ற பயணி மாலத்தீவுக்கு வந்தார். மொராக்கோ நாட்டுக்காரர். அங்கே மீனை வேக வைத்துப் புகை போட்டு வெளிநாடுகளுக்கு அனுப்புவதை அவர் எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்ததால்தான் அது இன்று உலகத்துக்குத் தெரிகிறது.

வலையா, தூண்டிலா?

இங்கே ஒரு கேள்வி வரும். “பெரிய வலை போட்டால் ஒரே தடவையில் டன் கணக்கில் அள்ளலாமே? எதற்கு ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும்?”

நல்ல கேள்வி. வலைக்குக் கண் இல்லை. சூரையோடு ஆமையும் வரும். சுறாவும் வரும். நாளை பெரிதாக வேண்டிய குஞ்சும் வரும். வேண்டாதது செத்த பிறகு கடலில் கொட்டப்படும். அடிமடி வலை என்றால் கடலின் தரையையே துடைப்பம் போலப் பெருக்கிவிடும்.

தூண்டிலுக்கு வருவது கடித்த மீன் மட்டும்தான். மற்ற உயிர்கள் தப்பிவிடுகின்றன. கூட்டத்தில் ஒரு பகுதி மீன் எப்போதும் கடலிலேயே மிஞ்சுகிறது. அது முட்டையிடும். அடுத்த ஆண்டும் மீன் இருக்கும். மாலத்தீவில் இதே முறையில் பிடிக்கும் சூரைக்கு, கடலைக் கெடுக்காத மீன்பிடிப்பு என்று 2012-இல் உலக அளவில் சான்றிதழ் கிடைத்தது. அந்த முத்திரை பார்த்து வாங்குகிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். பாட்டன் கற்றுக்கொடுத்த தொழிலுக்கு இன்று மதிப்பு வந்திருக்கிறது.

ஆனால் இந்தத் தொழிலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சிறு மீன் கிடைக்காவிட்டால் பெரிய மீனும் கிடைக்காது. சூரை கடலில் கோடி இருந்தாலும், தொட்டி காலியாக இருந்தால் படகு காலியாகத்தான் திரும்பும்.

பவளம் வெளுக்கும்போது

இரையாகும் சிறு மீன்களில் பலவற்றுக்குப் பவளம்தான் வீடு. அந்த வீட்டுக்கே இப்போது ஆபத்து.

பவள உயிருக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாழ்கிறது. வெயிலை வாங்கி உணவு செய்து பவளத்துக்குக் கொடுப்பது அந்தப் பாசிதான். பவளத்தின் நிறமும் அதனால்தான். கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். உடனே வெளுத்துப் போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் செத்துவிடும்.

லட்சத்தீவில் 1998-இல் இப்படிப் பெரிய அளவில் நடந்தது. மறுபடியும் 2010-இல் நடந்தது. 2016-இல் நடந்தது. 2024-இலும் நடந்தது. விழுந்தவன் எழுந்து நிற்பதற்குள் அடுத்த அடி விழுகிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து உலகம் சூடாகிறது. அதில் தீவு மக்களின் பங்கு கடுகளவு. ஆனால் அடி அவர்களுக்கு முதலில் விழுகிறது.

மூழ்கிய இரண்டு தீவுகள்

இது தொலைதூரக் கதை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடா. அங்கே கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் இருந்தன. குருசடைத் தீவு, முயல் தீவு, நல்லதண்ணித் தீவு, வான் தீவு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வல்லத்தில் போகும் மீனவர்கள் அந்தத் தீவுகளில் தங்கி மீன் பிடித்த காலம் உண்டு.

பல ஆண்டுகள் அங்கே பவளப்பாரை வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக்கு எடுத்தார்கள். கட்டடத்துக்கு எடுத்தார்கள். பார் போனதும் அலையைத் தடுக்க ஆள் இல்லை. அலை மணலை அரித்தது. பூவரசன்பட்டித் தீவும் விலாங்குசல்லித் தீவும் நீருக்குள் போய்விட்டன. 21 என்பது 19 ஆனது. வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்தது. 2015-க்குப் பிறகு அதைச் சுற்றிச் செயற்கைப் பார்களைக் கடலில் இறக்கி, அலையின் வேகத்தைக் குறைக்க முயற்சி செய்தார்கள்.

இந்தத் தீவுப் பகுதியைத் தமிழ்நாடு அரசு 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 2001-இல் பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றமானது. தீவுகளில் இறங்கவும் தடை வந்தது. பவளத்துக்கு இது நல்லது. ஆனால் அன்றாடம் கடலை நம்பிப் பிழைத்தவர்களுக்கு வருமானம் குறைந்தது. பாசி சேகரித்த பெண்கள் தவித்தார்கள். “போகாதே” என்று சொன்னால் மட்டும் வயிறு நிறையாது. கடலையும் காக்க வேண்டும், கடலை நம்பிய குடும்பத்தையும் காக்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்று நிலைக்காது.

ஒக்கிப் புயல் சொன்னது

கடல் தொழிலில் இன்னொரு பயம் புயல். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்து போனது. அடுத்து லட்சத்தீவைத் தாக்கியது. மினிக்காயும் அடிபட்டது. ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. உயிர் தப்பியவர்கள் சிலர் லட்சத்தீவில் ஒதுங்கினார்கள். பல படகுகள் வடக்கே வந்து, இதே மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டக் கரையைப் பிடித்தன. முகம் தெரியாத ஊர் அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தது.

அந்தப் புயல் ஒரு பாடம் சொன்னது. எச்சரிக்கை கரைக்கு வந்தால் போதாது. படகுக்கும் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகு செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கே செய்தி அனுப்பும் கருவிகள் படகுகளுக்குக் கொடுக்கப்பட்டன. அந்தச் செய்தியைப் படிக்கத் தெரிந்த ஒருவராவது படகில் இருக்க வேண்டும். எழுத்து அறிவு உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

விஷ்ராந்த்வாடியில் என்ன செய்யலாம்?

“கடல் எங்கோ இருக்கிறது. இங்கிருந்து என்ன செய்ய முடியும்?” என்று தோன்றலாம். செய்ய முடியும். மீனைப் பிடிப்பது மீனவர். பிடிக்கச் சொல்வது வாங்குபவரின் பை.

முதலாவது, காலம் பார்த்து வாங்குங்கள். மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். மீன் பெருகுவதற்காகக் கொடுக்கும் ஓய்வு அது.

இரண்டாவது, குஞ்சு மீனை வாங்காதீர்கள். மகாராஷ்டிர அரசு 2023-இல் 54 வகை மீன்களுக்குக் குறைந்த அளவு இவ்வளவு என்று ஆணை போட்டது. விரல் நீளப் பாப்லெட்டை மலிவு என்று வாங்கினால், நாளைய பெரிய பாப்லெட்டை இன்றே அழித்ததாகும்.

மூன்றாவது, கேளுங்கள். “இது எங்கே பிடித்த மீன்? வலையா, தூண்டிலா?” முதல் நாள் கடைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார்.

நண்பர்களே! படகு நிறைய வேண்டும் என்றுதான் மினிக்காய் மீனவரும் கடலுக்குப் போகிறார். அவருக்கும் கடன் உண்டு, பிள்ளைகள் உண்டு. ஆனாலும் அவர் தூண்டில் கடலில் மிச்சம் வைக்கிறது. அந்த மிச்சத்தில் அவர் பிள்ளைக்கும் பங்கு உண்டு, உங்கள் பிள்ளைக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை மீன் வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. படகின் அடியில் துளை இருந்தும் படகு ஏன் மூழ்குவதில்லை?

2. பவளப்பார் அழிந்தால் தீவுக்கு என்ன ஆகும்? மீனவருக்கு என்ன ஆகும்?

3. உங்கள் சொந்த ஊரில் முன்பு கிடைத்து, இப்போது கிடைக்காத மீன் எது? காரணம் என்னவாக இருக்கும்?